நல்லாயிக்கு ஒரு வாய்த் தூக்கம்

அந்தக் காலத்தில், எருமையும் எறும்பும் மனுஷரோடு சரிக்குச் சரியாக நின்று வாயாடிய காலத்தில், தூக்கம் தானாக வராது. போய் வாங்கித்தான் குடிக்க வேண்டும்.

மலையடிவாரத்தில் ஓர் இலுப்பைத் தோப்பு இருந்தது. தோப்புக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்பானை. உலகத்துத் தூக்கம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. பார்ப்பதற்கு நீர்த்த கஞ்சி மாதிரி இருக்கும், இலுப்பைப் பூ வாசம் அடிக்கும். பொழுது சாய்ந்ததும் யானையில் இருந்து அணில் வரை எல்லா உயிரும் வந்து வரிசையில் நிற்கும். பானைக்குப் பக்கத்தில் சிரட்டை அகப்பையோடு ஒருத்தி நிற்பாள். "வாயைத் திற" என்பாள். திறந்த வாயில் ஓர் அகப்பை ஊற்றுவாள். குடித்தவர்கள் வீடு போய்ச் சேரும் வரைக்கும் தூக்கம் காத்திருக்கும், படுத்ததும் கண் சொருகிவிடும். பானையை யார் செய்தது, தூக்கத்தை யார் காய்ச்சியது என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது ஊற்றியவளைத்தான்.

அவள் பெயர் நல்லாயி. நாற்பது வயது இருக்கும். ஒற்றை நாடி உடம்பு, ஓங்கிய குரல், மூக்குக்கு மேல் கோபம். ஆனால் கை மட்டும் அந்தக் கோபத்தோடு சேராது. முயலைத் திட்டிக்கொண்டே முயலுக்குத் ததும்பத் ததும்ப ஊற்றும் கை அது. வரிசையில் நிற்கிற ஒவ்வொன்றின் பெயரும் அவளுக்குத் தெரியும். எந்த மைனாவுக்கு இறக்கையில் அடிபட்டது, எந்த நரிக்கு வீட்டில் சண்டை, எல்லாம் தெரியும். "வாயைத் திற" என்பதற்கு முன்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பாள்.

அப்போதெல்லாம் கொட்டாவி என்ற ஒன்றே கிடையாது. பேசவும் தின்னவும் நல்லாயியின் அகப்பைக்குத் திறக்கவும் மட்டும்தான் வாய்.

பானைக்கு ஒரு கணக்கு உண்டு. விடியும்போது உலகத்தில் எத்தனை உயிர் இருக்கிறதோ அத்தனை அகப்பைத் தூக்கம் ஊறும். ஒரு சொட்டு கூடாது, குறையாது. அதில் நல்லாயியின் பங்கும் சேர்த்திதான். ஆனால் பரிமாறுகிறவர்கள் கடைசியில்தானே சாப்பிடுவார்கள்? அவளும் எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, பானையின் அடியில் கிடக்கும் கடைசி அகப்பையைத் தானே மொண்டு குடித்துவிட்டு, பானைக்குப் பக்கத்திலேயே முந்தானையை விரித்துப் படுத்துவிடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் வெள்ளச்சி என்ற எருமை வரிசைக்கு வந்தாள். பெயர்தான் வெள்ளச்சி, ஆள் அடுப்புக்கரி நிறம். மத்தியானம் அவளுக்குக் கன்று பிறந்திருந்தது. நான்கு காலும் நான்கு பக்கம் போக, அந்தக் கன்று தள்ளாடித் தள்ளாடிப் பின்னாலேயே வந்து நின்றது.

"அக்கா, இவனுக்கும் ஒரு அகப்பை ஊத்து" என்றாள் வெள்ளச்சி.

நல்லாயி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அதுவரை பிறந்த அன்றைக்கே யாரும் குட்டியைக் கூட்டி வந்ததில்லை, விடியற்காலைக் கணக்கில் இந்தக் கன்று இல்லை. இருந்தது ஒரே ஓர் அகப்பை, அது அவளுடையது.

கன்று அவளைப் பார்த்தது. பிறந்து அரை நாள்கூட ஆகாத கண். அதில் அத்தனை அலுப்பு!

"வாயைத் திறடா என் ராசா" என்று அதைக் கன்றுக்கு ஊற்றிவிட்டாள்.

"அப்ப உனக்கு?" என்று வெள்ளச்சி பதறினாள்.

"ஒரு நாள்தானே. எனக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்."

இந்த "நாளைக்குப் பாத்துக்கலாம்" இருக்கிறதே, அது நாளைக்கு மறுநாளும் அதையேதான் சொல்லும். மறுநாள் காலையில் பானை கன்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது, சரிதான். ஆனால் மத்தியானம் புளியமரத்துக் கிளி மூன்று குஞ்சு பொரித்தது. அதற்கு அடுத்த நாள் வெள்ளாடு குட்டி போட்டது. இவ்வளவு பெரிய உலகத்தில், விடிந்ததற்கும் பொழுது சாய்வதற்கும் நடுவில் எங்கேயும் ஒன்றும் பிறக்காத நாள் என்று ஒரு நாள் உண்டா? ஒன்று பிறந்தாலும் ஒன்பது பிறந்தாலும் நல்லாயி தன் ஓர் அகப்பையை வைத்தே சமாளிப்பாள். குட்டிகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பிரித்து ஊற்றுவாள். கைக்குழந்தைகள் இன்றைக்கும் சேர்ந்தாற்போல் தூங்காமல் விட்டு விட்டுத் தூங்குவது அதனால்தான் என்பார்கள்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. மூன்று மாதமாக நல்லாயி கண்ணே மூடவில்லை.

கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. அகப்பை நடுங்க ஆரம்பித்தது. பெயர்கள் மாறின. குரங்கைக் குதிரை என்றாள், குதிரையை "வாங்க சம்பந்தி" என்றாள். மலைப்பாம்புக்கு ஊற்றியதை மறந்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள், பிறகு மூன்றாவது தடவையும் ஊற்றினாள். அந்த ஆளும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல நழுவிவிட்டான். அன்றைக்குக் கடைசியில் நின்ற ஆந்தைக்கும் அவன் பெண்டாட்டிக்கும் பானையில் ஒன்றும் மிஞ்சவில்லை. "காலையில புதுசு ஊறினதும் வா, ராசா" என்று அனுப்பிவைத்தாள். ஆந்தை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டவன் இன்னும் விடவில்லை.

வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. அதிகம் முணுமுணுத்தவன் சடையாண்டி. வயல்காட்டுக்காரன், உழைப்பாளி, நல்லவன்தான். ஆனால் தன் பங்கு என்று வந்துவிட்டால் ஒரு சொட்டுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். அகப்பை விளிம்பைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பான்.

"நல்லாயிக்கா, இன்னைக்கு ஒரு விரக்கடை குறையுது."

"கை நடுங்கிருச்சு தம்பி. நாளைக்குச் சேத்து ஊத்துறேன்."

"கை ஏன் நடுங்குது? இன்னைக்குப் பொறந்ததுக்கெல்லாம் இன்னைக்கே தூக்கம் வேணும்னு யாரு கேட்டா? ஒரு நாள் முழிச்சுக் கெடந்தா என்ன குடியா முழுகிப்போகும்?"

நல்லாயிக்கு வந்ததே கோபம். "நீ பொறந்த மறுநாள் உனக்கு ஊத்தினவ நாந்தான்டா! அதுக்கு முந்தின ராத்திரி முழுக்க வீல் வீல்னு கத்தி ஊரையே எழுப்பினவன் நீ. போ அந்தப் பக்கம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. சடையாண்டியும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். ஆனால் வெள்ளச்சி சிரிக்கவில்லை. அவள் தினமும் எல்லாரும் போன பிறகும் பானைக்குப் பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருப்பவள். அகப்பை நடுங்குவதை மூன்று மாதமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

"அக்கா, நாளைக்கு என் பங்கை நீ குடி" என்றாள் அன்று.

"நீ பால் குடுக்கிறவ. நீ தூங்காட்டி உன் மகன் என்னத்தைக் குடிப்பான்?"

"அப்பப் புலி பங்கைக் குடி. அவன் என்ன பால் குடுக்கிறானா?"

"அடுத்தவங்களுக்கு ஊத்தினதை நான் தொட மாட்டேன். விடு."

"நீ விழுந்துட்டா எங்களுக்கு ஊத்துறது யாரு?"

நல்லாயி திரும்பிக்கொண்டாள். பானையைக் கழுவுகிற மாதிரி சும்மா துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, வெள்ளச்சியின் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தூக்கம்கூடப் பெருசில்லைடி. தினமும் எத்தனை ஆயிரம் தடவை 'வாயைத் திற'ங்கிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள், யாராச்சும் என்னைப் பாத்து 'வாயைத் திற நல்லாயி'ன்னு சொன்னா எப்படி இருக்கும்னு தோணும். கிறுக்குப் பிடிச்சவ, நீ தூங்கு."

எருமைகள் எதையும் உடனே விழுங்கிவிடுவதில்லை. அந்தச் சொல்லையும் வெள்ளச்சி புல்லோடு சேர்த்து நாள் கணக்கில் மென்றுகொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் அந்த அதிசயம் நடந்தது. அன்று எங்கேயும் எதுவும் பிறக்கவில்லை. வரிசை நகர நகர நல்லாயி ஒவ்வொருவரின் காலடியையும் பார்த்தாள். குட்டி இல்லை, குஞ்சு இல்லை. முயல்கூடத் தனியாகத்தான் வந்திருந்தது. முயல் தனியாக வந்தால் அது நல்ல நாள் இல்லாமல் வேறென்ன? கடைசியாகப் புனுகுப்பூனை குடித்துவிட்டுப் போனது. பானையில் மூன்று அகப்பை மிச்சம் இருந்தது. சடையாண்டி வீட்டுப் பங்கு இரண்டு, அவள் பங்கு ஒன்று. அவன் நடவு முடித்து வரத் தாமதமாகும்போல. நல்லாயிக்குக் காத்திருக்கத் தெம்பில்லை.

தன் பங்கை மொண்டாள். இலுப்பைப் பூ வாசம் மூக்கில் ஏறியது. அகப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"அக்கா! நல்லாயிக்கா!"

மேட்டில் இருந்து சடையாண்டி ஓடிவந்தான். ஒரு தோளில் சுரைக்குடுக்கை தொங்கியது. நெஞ்சோடு அணைத்திருந்த பழைய வேட்டிக்குள் ஏதோ நெளிந்தது.

"பொம்பளப் புள்ளை அக்கா. இப்பத்தான். பெத்தவளுக்கு ஒரு அகப்பை இந்தக் குடுக்கையில ஊத்து. இவளுக்கு…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அவள் உதட்டில் இருந்த அகப்பையைப் பார்த்தான். பானைக்குள் பார்த்தான். கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் ஆயிற்றே, ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவன் சொன்ன சொல் அவனுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

குழந்தை அழுதது. வீல் வீலென்று, அப்பனை மாதிரியே.

நல்லாயி அகப்பையை உதட்டில் இருந்து இறக்கினாள். கோபம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், திரும்பவும் உதட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று நினைத்தாள். பிறகு குனிந்தாள்.

"கத்தாதடி என் தங்கம். வாயைத் திற."

குழந்தை குடித்தது. பிறகு பெற்றவள் பங்கைக் குடுக்கையில் ஊற்றினாள். சடையாண்டியின் பங்கை அவன் வாயில் ஊற்றினாள். இந்தத் தடவை அவன் அளவு பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

எல்லாம் ஊற்றி முடித்து அகப்பையைப் பானைமேல் வைக்கப் போனாள். வைக்க வேண்டிய இடத்துக்குக் கை போகவில்லை. அகப்பை கீழே விழுந்தது, அதற்குப் பின்னால் நல்லாயியும் விழுந்தாள். விழும்போது தோள் பட்டுப் பானை சாய்ந்தது. வெள்ளச்சி பாய்ந்துபோய் விலாவைக் கொடுத்துத் தாங்கியிராவிட்டால் அன்றோடு உலகத்துக்குத் தூக்கம் போயிருக்கும். பானையை நிமிர்த்திவிட்டு அவள் போட்ட அலறலில், பாதி வழி போனவர்களெல்லாம் திரும்பி ஓடிவந்தார்கள். வெள்ளச்சி அலறி யாரும் கேட்டதே இல்லை.

நல்லாயி தரையில் கிடந்தாள். கண் திறந்தே இருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அது தூக்கமில்லை, தூக்கம் இல்லாததால் வந்த கேடு.

"பானையில இருக்கா?" என்றது யானை.

"காலியாயிருச்சு. இனி விடிஞ்சாத்தான்" என்றான் சடையாண்டி.

"விடியுற வரைக்கும் தாங்க மாட்டா" என்றது வயதான நாய்.

"நாம குடிச்சதைக் குடுத்துரலாம்னா, உள்ளே போனது போனதுதானே?" என்று குரங்கு கையைப் பிசைந்தது.

"உங்களுக்குப் போனது போனதுதான்" என்றாள் வெள்ளச்சி. "எனக்கு உள்ளே போனது திரும்பி வரும். காலையில தின்ன புல்லு சாயங்காலம் வருதே, இது வராதா?"

அவள் நல்லாயியின் முகத்துக்கு நேரே தன் பெரிய தலையைக் குனிந்தாள். அவளுக்கும் தூக்கம் குடித்த உடம்பு, இமை கனத்தது. நீளமாக ஒரு மூச்சை இழுத்தாள். அடிவயிற்றில் கிடந்த தூக்கம் கிளம்பியது. தொண்டை விரிந்தது. தாடை, இதற்கு மேல் போகாது என்கிற அளவுக்குத் திறந்தது.

"வாயைத் திற, நல்லாயி" என்றாள்.

நல்லாயியின் காதில் அது விழுந்தது. வேறு எது சொல்லியிருந்தாலும் விழுந்திருக்காது. உதடு நடுங்கித் திறந்தது. 'ஆ…வ்' என்று இலுப்பைப் பூ வாசத்தோடு ஒரு மூச்சு வெள்ளச்சியிடம் இருந்து வெளியே வந்து, நல்லாயியின் வாய்க்குள் போனது. ஒரு வாய்த் தூக்கம். உள்ளதில் கால்வாசிகூட இருக்காது. அதைக் கொடுத்ததற்கே வெள்ளச்சியின் கண்ணோரத்தில் நீர் கோத்துக்கொண்டது. பிரியமானதைக் கொடுத்தால் கண் கலங்காதா?

அம்மாவைப் பார்த்துக் கன்று வாயைத் திறந்தது. அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. கன்றைப் பார்த்து ஆடு திறந்தது. நாய் திறந்தபோது கூடவே 'ஞை' என்று ஒரு சத்தமும் வந்தது. புலி திறந்தபோது பக்கத்தில் நின்ற மான், பயத்தை மறந்து தானும் திறந்தது. யானை, பூனை, கிளி, குதிரை, குரங்கு என்று ஒருவரைப் பார்த்து ஒருவர். பக்கத்தில் இருப்பவன் கொடுக்கும்போது நாம் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? மலைப்பாம்புகூடத் தன் மூன்று அகப்பைக் கணக்கை நினைத்தோ என்னவோ, மற்றவர்களைவிடப் பெரிதாகத் திறந்தது.

சடையாண்டி மட்டும் கையை வாய்க்கு முன்னால் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஆசைதான். ஆனால் பழகின புத்தி உள்ளே இருந்து பேசியது. நாளைக்கு இரண்டு வயல் நடவு பாக்கி இருக்கிறது, வீட்டில் பெற்றவள் கிடக்கிறாள், நான் தூங்காமல் எப்படி? தாடை துடித்தது. மூக்கு விடைத்தது. பல்லைக் கடித்தான்.

அப்போது அவன் கையில் இருந்த வேட்டி நெளிந்தது. பிறந்து ஒரு நாழிகை ஆகாத அந்தக் குழந்தை, புளியங்கொட்டை அளவு வாயை மெல்லத் திறந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தது. முகமே வாயாகும் அளவுக்குத் திறந்து, 'ஹா' என்று ஒரு சின்ன மூச்சு விட்டது. தனக்குக் கிடைத்த அந்த ஒரே ஓர் அகப்பையில் இருந்து ஒரு துளி.

அதற்கு மேல் சடையாண்டியால் முடியவில்லை. அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்தது. பத்து எருமை சேர்ந்து விட்டாற்போல் ஒரு மூச்சு வந்தது. கண்ணீர் தாடையில் வழிந்தது. இத்தனை நேரம் வாயை அடைத்திருந்த விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் வெட்கப்பட்டு, வாய்க்கு முன்னாலேயே 'டக் டக்' என்று ஒரு சொடக்குப் போட்டான். "அக்கா, இது என்னுது. வாங்கிக்க" என்றான். அத்தனை ஜீவன்கள் சத்தம் காட்டாமல் கொடுத்தன. சொடக்குப் போட்டுக் கொடுத்தவன் மனுஷன் ஒருவன்தான். போகட்டும், கொடுத்தானே.

நல்லாயியின் உடம்பு தூக்கிப் போடுவது நின்றது. விரல்கள் விரிந்தன. திறந்தே கிடந்த கண்கள் மெல்ல மூடின. ஒரு முழு அகப்பை யாரும் கொடுக்கவில்லை, ஆனால் உலகமே ஆளுக்கு ஒரு வாய் கொடுத்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு, எல்லாருக்கும் கடைசியில் தூங்குகிறவள் அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் தூங்கினாள். மற்றவர்கள் காலடி ஓசை கேட்காமல் கலைந்து போனார்கள். யானை நுனிக்காலில் நடந்தது.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு எழுந்தாள். எழுந்ததும் முதல் வேலையாகச் சண்டை பிடித்தாள்.

"யாரைக் கேட்டுடி ஊத்துனீங்க? அடுத்தவங்க பங்கைத் தொட மாட்டேன்னு சொன்னேனா இல்லையா?"

வெள்ளச்சி அசைபோட்டுக்கொண்டே சொன்னாள். "நீ எங்க தொட்ட? நாங்கதான் குடுத்தோம். இனிமேலும் குடுப்போம். நீ பாட்டுக்குத் திட்டிக்கிட்டே இரு."

நல்லாயி வாயைத் திறந்தாள், திட்டத்தான். பிறகு அப்படியே மூடிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அகப்பையைத் தேடப் போனாள்.

இப்போது உயிர்கள் பெருகிவிட்டன, அந்தத் தோப்பில் வரிசை கட்டிக் கட்டுப்படியாகாது. அதனால் நல்லாயியே பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக, கூடு கூடாக வந்து கண்ணுக்குத் தெரியாமல் ஊற்றிவிட்டுப் போகிறாள். அவளுடைய கடைசி அகப்பை இன்றைக்கும் யாராவது ஒரு பச்சைப்பிள்ளைக்குத்தான் போகிறது. அவள் மாறவே இல்லை. நாமும் மாறவில்லை என்பதுதான் ஆறுதல். அவள் நம் தெருப் பக்கம் வரும் நேரம் பார்த்து நமக்கு வாய் தானாகத் திறந்து அவளுக்கு ஒரு வாய்த் தூக்கம் கொடுக்கிறது. காலையில் எழுந்ததும் வருகிறதே, அது ராத்திரி செலவாகாமல் மிச்சமானது. இதைப் படிக்கும்போதே உங்களுக்கும் ஒன்று வந்திருக்கும். அடக்காதீர்கள்.

அன்று முதல்தான் ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் கொட்டாவி வருகிறது, மனுஷனுக்கு மட்டும் வாய்க்கு முன்னால் சொடக்குப் போடும் பழக்கமும் இருக்கிறது. அன்று முதல்தான், இன்றைக்குப் பிறந்த குழந்தைகூட, சிரிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே கொட்டாவி விடுகிறது. அது குடித்தது நல்லாயியின் பங்காயிற்றே.